பிச்சாவரம் கழிமுகம்: உழவர்கள் பார்த்து வர வேண்டிய இடம்

சம்பா அறுவடை முடிந்து நெல் வீடு வந்து சேர்ந்ததும், தை, மாசி மாதங்களில் உழவர் குடும்பங்களுக்குச் சற்று ஓய்வு கிடைக்கிறது. அப்போது சிதம்பரம் கோயிலுக்குச் செல்பவர்கள் கூடவே அரை நாள் ஒதுக்கினால் பிச்சாவரத்தையும் பார்த்து வரலாம். கண்ணுக்கு இனிய இடம் என்பதோடு, உப்பு நீரையும் நல்ல நீரையும் பற்றி உழவர்கள் நேரில் தெரிந்துகொள்ள இதைவிடப் பொருத்தமான இடம் கிடைப்பது அரிது.

எங்கே இருக்கிறது?

சிதம்பரத்திலிருந்து கிழக்கே சுமார் 15 கிலோமீட்டர் தொலைவில், கிள்ளையை அடுத்துப் பிச்சாவரம் இருக்கிறது. வடக்கே வெள்ளாறும் தெற்கே கொள்ளிடமும் கடலில் கலக்கின்றன. இரண்டு கழிமுகங்களுக்கும் நடுவே சுமார் 1,100 ஹெக்டேர், அதாவது ஏறத்தாழ 2,700 ஏக்கர் பரப்பில் அலையாத்திக் காடு அமைந்துள்ளது. ஐம்பதுக்கு மேற்பட்ட சிறு திட்டுகளும், அவற்றுக்கு இடையே வளைந்து செல்லும் ஓடைகளும் நிறைந்த காடு இது. 1975-ல் வெளிவந்த 'இதயக்கனி' படத்தில் பலர் இதைப் பார்த்திருப்பார்கள். 2022-ல் இது ராம்சர் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது.

எப்போது போகலாம்?

நவம்பர் முதல் பிப்ரவரி வரை வலசைப் பறவைகள் வந்து தங்கும். ஆனால் மழைக் காலத்தில் புயல் எச்சரிக்கை உள்ள நாட்களைத் தவிர்க்க வேண்டும். தை, மாசி மாதங்களில் காலை நேரம் மிக ஏற்றது.

கடல் நீர் நாளொன்றுக்கு இரண்டு முறை ஏறி, இரண்டு முறை வற்றும். ஏறுவதற்கு ஆறு மணி நேரம், வற்றுவதற்கு ஆறு மணி நேரம் என்பது பொதுக் கணக்கு. ஒவ்வொரு நாளும் இது சுமார் 50 நிமிடம் தள்ளிப் போகும். ஏற்றத்தின்போது படகு ஓடைகளின் உட்பகுதி வரை செல்லும். வற்றத்தின்போது வேர்களும் சேறும் நன்றாகத் தெரியும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இந்த ஏற்ற இறக்கம் அதிகம். படகுத் துறையில் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுகள் உள்ளன. குறுகிய ஓடைகளில் புகுந்து அமைதியாகப் பார்க்க வேண்டுமானால் துடுப்புப் படகே நல்லது.

உப்பில் வாழும் மரங்கள்

கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. வயல் நீரில் லிட்டருக்கு 2 கிராம் உப்புக் கலந்தாலே நெல் விளைச்சல் குறையத் தொடங்கிவிடும். நாற்றுப் பருவத்திலும் பூக்கும் பருவத்திலும் பாதிப்பு அதிகம். அப்படியிருக்க, இந்த மரங்கள் எப்படி வாழ்கின்றன?

சுரபுன்னை மரம் தண்டிலிருந்து பல வேர்களை ஊன்றுகோல் போல இறக்கிச் சேற்றில் நிற்கிறது. இதன் வேர் உப்பின் பெரும் பகுதியை உள்ளே விடாமல் வடிகட்டிவிடும். வெண்கண்டல் மரம் உறிஞ்சிய உப்பை இலை வழியே வெளியேற்றும். அதன் இலையில் உப்புப் படிந்திருப்பதைக் காணலாம். சேற்றில் காற்று இல்லாததால், இதன் வேர்கள் பென்சில் போல மண்ணுக்கு மேலே நீட்டிக்கொண்டு மூச்சு விடுகின்றன. சுரபுன்னையின் விதை தாய் மரத்திலேயே முளைத்து, முருங்கைக்காய் போல நீண்டு தொங்கி, பிறகு சேற்றில் விழுந்து வேர் பிடிக்கிறது. நாற்றங்காலை மரத்திலேயே வைத்திருப்பது போன்ற ஏற்பாடு இது!

தெரியாத மரத்தின் இலையைக் கிள்ளக் கூடாது. சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயரைக் கொடுத்த தில்லை மரம் இங்கே இருக்கிறது. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கு ஆபத்து.

காடு கெட்டதும் திருந்தியதும்

உப்பைத் தாங்கும் இந்தக் காடே ஒரு காலத்தில் உப்பால் அழிந்தது. முன்பு இங்கு மரங்களைப் பகுதி பகுதியாக முழுவதும் வெட்டிவந்தார்கள். வெட்டிய இடத்தில் மண் அமிழ்ந்து தாம்பாளம் போலப் பள்ளமாயிற்று. ஏற்றத்தில் புகுந்த நீர் வெளியேற வழியில்லாமல் தேங்கி, வெயிலில் வற்றி, உப்பு ஏறிக்கொண்டே போனது. பிறகு அங்கே எந்த மரமும் முளைக்கவில்லை.

1990-களில் வனத்துறையும் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் ஊர் மக்களுடன் சேர்ந்து இதைச் சீர் செய்தன. மீன் முள் வடிவில் ஒரு பெரிய வாய்க்காலும், அதன் இருபுறமும் சாய்வாகக் கிளை வாய்க்கால்களும் வெட்டி இயற்கை ஓடையுடன் இணைத்தார்கள். நீர் வந்து போகத் தொடங்கியதும் உப்புக் குறைந்தது. நட்ட கன்றுகள் பிடித்தன.

உவர் நிலம் வைத்திருப்பவர்கள் இதை நினைவில் கொள்ள வேண்டும். உவர் உப்பை உரம் போட்டு நீக்க முடியாது. வரப்பை உயர்த்தி மழை நீரைத் தேக்கி, உப்பு கரைந்ததும் வடித்துவிட வேண்டும். இதைப் பல முறை செய்ய வேண்டும். வடிகால் இல்லாத உவர் நிலம் திருந்தாது. ஜிப்சம் இடுவது களர் நிலத்துக்கான முறை. ஆகவே, முதலில் மண் பரிசோதனை செய்து, நிலம் உவரா, களரா என்று அறிந்துகொள்வது அவசியம். கோ 43 ரகமும், குழியடிச்சான் போன்ற பழைய ரகங்களும் உப்பை ஓரளவு தாங்கக்கூடியவை.

கடலுக்குப் போகும் நீர் வீணா?

கொள்ளிடத்தில் வெள்ளம் போகும்போது, 'தண்ணீர் வீணாகக் கடலுக்குப் போகிறதே' என்று நாம் வருந்துகிறோம். மிகுதி நீரைத் தேக்கிப் பயன்படுத்துவது சரியே. ஆனால் ஒரு பங்கு நீர் கழிமுகத்துக்கு வந்தே ஆக வேண்டும்.

ஆற்று நீர் வராவிட்டால் அலைகள் மணலைக் குவித்து முகத்துவாரத்தைத் தூர்த்துவிடும். அடுத்த மழையில் வயல் நீர் வடிய வழியின்றிப் பயிர் அழுகும். வரத்து குறைந்தால் ஏற்றத்தோடு உப்பு நீர் ஆற்றில் மேலேறும். கரையோரக் கிணறுகள் கரிக்கத் தொடங்கும்.

நிலத்தடியிலும் இதே நிலைதான். உப்பு நீர் கனமானது. நல்ல நீர் அதன் மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி நல்ல நீர் நின்றால், அதற்குக் கீழே சுமார் 40 அடி வரை நல்ல நீர் இருக்கும் என்பது கணக்கு. மோட்டார் வைத்து மேல் மட்டத்தை ஓர் அடி குறைத்தால், அடியில் உப்பு நீர் காலப்போக்கில் 40 அடி மேலே வரக்கூடும். கடலோரத்தில் ஆழ்குழாயை மேலும் ஆழப்படுத்துவது பல நேரங்களில் உப்பைத் தேடிப் போவதாகவே முடியும்.

கடைமடைக்கே தண்ணீர் எட்டாதபோது கடலுக்கு எதற்கு என்று கேட்கலாம். ஆற்று நீர் எட்டாத ஆண்டில் உப்பு முதலில் நுழைவதும் கடைமடை வயலில்தான்.

ஆற்று நீரை நம்பியிருப்பவர்கள் உழவர்கள் மட்டுமல்ல. வெள்ளை இறால் கடலில் முட்டையிட்டாலும் அதன் குஞ்சுகள் கழிமுகத்துக்கு வந்தே வளர்கின்றன. நண்டும் மடவையும் இந்த ஓடைகளை நம்பியவை. அவற்றை நம்பி மீனவர்களும், கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் குடும்பங்களும் வாழ்கிறார்கள்.

காடு ஒரு வேலி

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில், கடலோரத்தில் இருந்த எம்.ஜி.ஆர். திட்டில் பெரும் உயிர்ச்சேதம் ஏற்பட்டது. காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவு. கடலிலிருந்து இருந்த தூரமும் தரையின் உயரமும் இதற்குக் காரணங்கள்தாம். என்றாலும் அலையின் வேகத்தைக் காடு தணித்ததை அங்குள்ளவர்கள் உணர்ந்தார்கள்.

போகிறவர்கள் கவனிக்க வேண்டியவை

* படகில் உயிர்காப்பு உடை அணிய வேண்டும். குழந்தைகளை ஓரத்தில் உட்கார வைக்கக் கூடாது.
* குடிநீரும் தொப்பியும் எடுத்துச் செல்லவும். ஒருமுறை மட்டும் பயன்படும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தமிழகத்தில் 2019 முதல் தடை உள்ளது. ஓடையில் எதையும் எறியக் கூடாது.
* கிளைகளை ஒடிக்கவோ, வேர்களின் மேல் ஏறவோ கூடாது.
* கட்டணத்தையும் பயண நேரத்தையும் படகு ஏறும் முன்பே கேட்டுக்கொள்ளவும்.
* படகோட்டியிடம் பேச்சுக் கொடுங்கள். எந்த மாதம் நீர் எவ்வளவு கரிக்கும், முகத்துவாரம் எப்போது தூரும் என்பதை அவர் அனுபவத்தில் அறிந்தவர்.

ஊர் திரும்பியதும் உங்கள் வயலின் வடிகால் வாய்க்காலை ஒரு முறை நடந்து பாருங்கள். புல்லும் செடியும் அடைத்திருந்தால், அடுத்த மழைக்கு முன் அண்டை வயல்காரர்களுடன் சேர்ந்து தூர் எடுத்துவிடுங்கள்.