சீத்தா, ராம்சீத்தா, முள்சீத்தா... தோலைப் பார்த்தே கண்டுபிடிப்பது எப்படி?

போளூரில் இருந்து ஜமுனாமரத்தூருக்கு மலை ஏறுபவர்கள், சீசன் நேரத்தில் சீத்தாப்பழம் வாங்காமல் இறங்குவதில்லை. ஆனால் ஆசையாக வாங்கிப் போன பழம் வீட்டில் கல்லு மாதிரி கிடந்து, கடைசியில் கறுத்துப் போனால்? எந்தப் பழம் எது, எதை வாங்கலாம்? பார்க்கலாம்.

பெயரில் சீதையும் ராமரும் இருந்தாலும், இந்தப் பழங்களின் பூர்வீகம் அமெரிக்கக் கண்டத்தின் வெப்பமான பகுதிகள். மூன்றும் 'அனோனா' என்ற ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை.

சீத்தா

பச்சைத் தோலில் மேடு மேடாக இருக்கும். வெள்ளைச் சதை, நல்ல இனிப்பு, வாயில் லேசாக நறநறக்கும். கறுப்பு விதைகள் நிறைய. சீசன் ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை.

ராம்சீத்தா

இதய வடிவம். தோலில் மேடு இருக்காது, வலை போட்ட மாதிரி கோடுகள் மட்டும் தெரியும். பழுத்தால் மஞ்சளும் சிவப்பும் கலந்த நிறம். இனிப்பு சற்று குறைவு. சீத்தா சீசன் முடிந்த பிறகு, கோடையை ஒட்டி வரும்.

முள்சீத்தா

ஒரு பழமே கிலோ கணக்கில் எடை இருக்கும். தோல் முழுக்க மெத்தென்ற முள். நார் நாரான சதை, புளிப்பும் இனிப்பும் கலந்த சுவை. இது புற்றுநோயைக் குணமாக்கும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் தகவலுக்கு, மனிதர்களிடம் நிரூபிக்கப்பட்ட ஆதாரம் இல்லை. அதை நம்பி சிகிச்சையை நிறுத்தக் கூடாது.

பெருசா, விதை கம்மியா இருந்தா?

அது ஒட்டு ரகமாக இருக்கலாம். பெங்களூருவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய 'அர்கா சஹான்' அப்படி ஒரு கலப்பினம். இதில் மேடுகள் தட்டையாக இருக்கும், இனிப்பும் அதிகம்.

வாங்கும்போது எதைப் பார்க்கணும்?

மேடுகளுக்கு நடுவே உள்ள பள்ளத்தைப் பாருங்கள். அது விரிந்து, வெளிர் மஞ்சளாகத் தெரிந்தால் காய் முற்றிவிட்டது. 2 முதல் 4 நாளில் கனியும். மேடுகள் நெருக்கமாக, பள்ளமும் பச்சையாக இருந்தால் பிஞ்சிலேயே பறித்தது. அது சரியாகப் பழுக்காது.

கனிந்த பழம் வெகுதூரப் பயணம் தாங்காது. சந்தைக்கு அனுப்ப முன்கூட்டியே பறிக்கப்படுவதற்குக் காரணம் இதுதான். மலையிலேயே வாங்கினால் முற்றிய பழமாகப் பார்த்து எடுக்கலாம். பறித்தவருக்கும் பழம் வீணாகாமல் காசாகும். காயை ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டாம், தோல் கறுத்துவிடும்.

விதையில் கவனம்

விதையை மென்றோ அரைத்தோ சாப்பிடக் கூடாது, அதில் நச்சு உண்டு. பேன் போக விதைப்பொடியைத் தலையில் தேய்ப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அது கண்ணில் பட்டால் கருவிழியே புண்ணாகும். பட்டுவிட்டால் உடனே தண்ணீரில் நன்றாகக் கழுவி, கண் மருத்துவரிடம் போக வேண்டும். ஜூஸ் போடும்போதும் விதையை எடுத்துவிட்டு மிக்ஸியில் போடுங்கள்.