மறந்துபோன அத்தாவைத் திருத்தாதீர்கள்

லுஹர் தொழுது முடித்த அத்தா சற்று நேரத்தில் மீண்டும் தக்பீர் கட்டுகிறார். "இப்பத்தானே தொழுதீங்க?" என்று மகன் கடிந்துகொள்கிறார். இது அடிக்கடி நடந்தால் பிடிவாதம் என்று எண்ணாதீர்கள். டிமென்ஷியா என்னும் மறதி நோயாக இருக்கலாம். மருத்துவரிடம் காட்டுங்கள். இந்தியாவில் 60 வயதைக் கடந்தோரில் 7.4 சதவீதம் பேருக்கு இந்நோய் இருப்பதாக 2023-இல் வெளியான ஆய்வு கூறுகிறது.

இதை முற்றிலும் குணமாக்கும் மருந்து இல்லை. ஆனால் பேச்சே மருந்தாகும் ஒரு முறை உண்டு. பிரிட்டனில் உருவான அறிவுத்தூண்டல் சிகிச்சையை, சென்னை ஸ்கார்ஃப் நிறுவனத்தார் தமிழ்ச் சூழலுக்கு ஏற்ப அமைத்துள்ளனர். ஏழு வாரங்களில் 14 அமர்வுகள். முதியோர் சிறு குழுவாக அமர்ந்து உணவு, இளமைக்காலம் பற்றியெல்லாம் பேசுவார்கள். நினைவைச் சோதிக்காமல் கருத்தைக் கேட்பதே இதன் அடிப்படை.

வீட்டிலும் இதைப் பின்பற்றலாம். "நேத்து யார் வந்தாங்க?" என்பதை விட்டு, "பிரியாணிக்கு எந்த அரிசி நல்லது அத்தா?" என்று கேளுங்கள். ரக்அத் தவறினால் அதட்டாதீர்கள். அறிவு நீங்கியவர் மீது தொழுகை கடமையில்லை. முதிய பெற்றோரிடம் 'சீ' என்று சொல்வதையும் திருக்குர்ஆன் (17:23) தடுக்கிறது.

சரவணம்பட்டி ஐடி நிறுவனங்களுக்குப் பிள்ளைகள் ஷிப்ட் சென்றபின், வீட்டில் மருமகள் தனியாகத் தவிக்கிறார். பணிவிடை பிள்ளைகளின் கடமை. மருமகள் செய்வது அவருடைய நன்மை என்பதை மறவாதீர்கள். சகோதர சகோதரிகள் முறை வைத்து அவருக்கு ஓய்வு கொடுங்கள். முதியோர் உதவி எண் 14567-இலும் ஆலோசனை கேட்கலாம்.

அவர்கள் நம்மை மறந்தாலும் நாம் அவர்களை மறவாதிருக்க அல்லாஹ் அருள்புரிவானாக!