வசவை நீக்கிய செவ்வாய்

ஆண்டி வேயர் எழுதிய ‘தி மார்ஷியன்’ நாவலுக்கு 2016-ல் ஒரு தனிப் பதிப்பு வந்தது. கதை அதேதான், கெட்ட வார்த்தைகளை மட்டும் எடுத்துவிட்டார்கள். அப்படிக் கேட்டவர்கள் அறிவியல் ஆசிரியர்கள். வகுப்பில் வைத்து நடத்த அவர்களுக்கு ஆசை. ஆனால், முதல் வரியே வசவோடு தொடங்கும் புத்தகத்தைப் பிள்ளைகள் கையில் எப்படிக் கொடுப்பது?

எழுதத் தொடங்கியபோது ஆசிரியர்கள் வேயரின் கணக்கிலேயே இல்லை. கலிபோர்னியாவில் மென்பொருள் வேலை பார்த்துக்கொண்டே, 2009 முதல் தன் இணையதளத்தில் அத்தியாயம் அத்தியாயமாக இலவசமாகப் போட்டுவந்தார். செவ்வாயில் தனியாகச் சிக்கிக்கொண்ட ஒருவன் உருளைக்கிழங்கு பயிரிட்டு உயிர்பிழைக்கிற கதை. எத்தனை கிழங்கு, எத்தனை கலோரி, எத்தனை நாள் தாங்கும் என்று பக்கம் பக்கமாகக் கணக்கு. கைதேர்ந்த பதிப்பாசிரியர் யாராவது பார்த்திருந்தால் முதலில் கத்தரி வைத்திருப்பது அங்கேதான்.

அந்தக் கணக்குதான் ஆள் சேர்த்தது. வேதியியல் தெரிந்தவர்கள் ‘இந்த இடம் தப்பு’ என்று மடல் எழுதினார்கள், வேயர் திருத்தினார். தான் திருத்திக் கொடுத்த கதையைப் பற்றி நாலு பேரிடம் சொல்லாமல் யாரால் இருக்க முடியும்?

கிண்டிலில் வேண்டும் என்று வாசகர்கள் கேட்டபோது, அமேசான் அனுமதித்த குறைந்தபட்ச விலையான 99 சென்டையே வைத்தார். அந்த விலையில் எழுதியவருக்குக் கிடைப்பது 35 சதவீதம். மூன்று மாதத்தில் சுமார் 35,000 பிரதிகள் போயின. வேடிக்கை என்னவென்றால், தளத்தில் சும்மா எடுத்தவர்களைவிடக் காசு கொடுத்து வாங்கியவர்கள் அதிகம். சொந்தமாகப் புத்தகம் போடுகிறவர்கள் பலர் இதிலிருந்து ‘விலையைக் குறை’ என்ற பாடத்தை எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. சும்மா கிடைப்பதை ஒருவர் விலைக்கு வாங்குகிறார் என்றால் அவர் பார்த்தது மலிவையா, சௌகரியத்தையா?

பிறகு ஒலிப்புத்தகம், 2014-ல் கிரவுன் பதிப்பகத்தின் அச்சுப் புத்தகம், 2015-ல் ரிட்லி ஸ்காட் படம். அது ஊரறிந்த கதை.

இத்தனை கணக்குப் பார்த்தவர் தெரிந்தே ஒரு பிழையை விட்டுவைத்தார்: கதையைத் தொடங்கிவைக்கும் புழுதிப் புயல். செவ்வாயின் காற்றழுத்தம் பூமியில் இருப்பதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை; எவ்வளவு வேகமாக அடித்தாலும் அது ராக்கெட்டைச் சாய்க்காது. வாத்தியார்களுக்கு அதுவும் லாபம்தான். ‘இதில் என்ன தப்பு?’ என்று ஒரு பீரியட் முழுக்கப் பிள்ளைகளைக் கேட்கலாம்.