புது மூட்டும் பழைய பயமும்

விழுப்புரத்து அம்மையார் ஒருவரும் திண்டிவனத்து அம்மையார் ஒருவரும் முழங்கால் மூட்டு மாற்று அறுவை செய்துகொண்டதாக வைத்துக்கொள்வோம். இருவருக்கும் வயது 65. இருவரும் மல்லாட்டைக் கொல்லையில் குந்தியிருந்து களையெடுத்தவர்கள். எக்ஸ்ரே படத்தில் தேய்மானம் ஒன்றுபோலவே இருக்கிறது. அறுவை செய்த மருத்துவரும் ஒருவரே. ஆறு மாதம் கழித்து ஒருவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு டவுன் பஸ்ஸின் உயரமான படியில் ஏறிவிடுகிறார். மற்றவரோ திண்ணையை விட்டு இறங்கவில்லை. "வலி போகவே இல்லை" என்கிறார். ஏன் இந்த வேறுபாடு?

இந்த இருவரும் கற்பனை, கேள்வி கற்பனையன்று. முழங்கால் மாற்று செய்துகொண்டவர்களுள் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு வலி நீடிக்கிறது என்று பல நாட்டு ஆய்வுகள் காட்டுகின்றன. கிருமித் தொற்று, மூட்டு சரியாகப் பொருந்தாமை ஆகியவை சிலருக்குக் காரணம். அப்படி எதுவும் தென்படாதவர்களும் உண்டு. அத்தகையோரிடம் காரணம் தேடியபோது, அறுவைக்கு முன்பே குடிகொண்டிருந்த ஒரு மனப்பழக்கம் ஆய்வாளர்களின் கண்ணில் பட்டது.

கனடா நாட்டு உளவியலறிஞர் மைக்கேல் சல்லிவனும் அவருடைய குழுவினரும் 1995இல் இதை அளக்க 13 வினாக்கள் கொண்ட ஒரு பட்டியலை வெளியிட்டனர். வினாவுக்கு 0 முதல் 4 வரை மதிப்பெண், மொத்தம் 52. வலியையே ஓயாமல் நினைப்பது, 'ஏதோ விபரீதம் நடக்கப்போகிறது' என்று பெரிதாக்குவது, 'என்னால் ஒன்றும் ஆகாது' என்று கைவிடுவது ஆகிய மூன்றும் அதில் அடங்கும். அறுவைக்கு முன் அதிக மதிப்பெண் பெறுவோருக்குப் பின்னால் வலி நீடிக்கும் வாய்ப்பும் கூடுதலாகக் காணப்படுகிறது.

நினைப்பு எப்படி முழங்காலைத் தொடும்? விழுப்புரம் சந்திப்பின் அருகே வாழ்பவர்களுக்கு ரயில்வே கேட்டைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை. முதுகுத் தண்டிலும் அப்படியொரு கேட் உண்டு என்று 1965இல் ரொனால்டு மெல்சாக், பேட்ரிக் வால் என்ற இருவர் கூறினர். காலிலிருந்து வரும் வலிச் செய்தி இங்கே நின்றுதான் மேலே போகவேண்டும். கேட்டை எவ்வளவு திறப்பது என்பதில் மூளையின் ஆணைக்கும் பங்குண்டு. அச்சமும் இடைவிடாத கவனமும் கேட்டைத் திறக்கச் சொல்கின்றன. நிம்மதி அதை இறக்கச் சொல்கிறது. இக்கொள்கையின் நுட்பங்கள் சில பின்னர் திருத்தப்பட்டன. ஆயினும் மூளையிலிருந்து கீழிறங்கும் நரம்புப் பாதைகள் வலியைக் கூட்டவும் குறைக்கவும் வல்லவை என்பது உறுதியாகிவிட்டது. ஆகவே, "எல்லாம் மனப்பிரமை" என்று நோயாளியைக் கடிந்துகொள்வது அறியாமை. அவர் உணர்வது மெய்யான வலியே.

இன்னொரு வழியும் இருக்கிறது; இது எளிதில் புரியும். அறுவைக்கு மறுநாளே நடக்கவும் முழங்காலை மடக்கவும் சொல்வார்கள். வலித்தால் 'புது மூட்டு உடைந்துவிடுமோ' என்று அஞ்சுபவர் காலை அசைக்கமாட்டார். அசைக்காத காலில் தொடைத் தசை மெலிகிறது. மூட்டைச் சுற்றித் தழும்புத் திசு இறுகுகிறது. பிறகு சிறிது மடக்கினாலும் முன்னைவிட வலிக்கும். அச்சம் தனக்குத் தானே சாட்சி தேடிக்கொள்கிறது!

பரிகாரம் என்ன? 1964இல் எக்பர்ட் என்ற மயக்க மருத்துவரின் குழு அமெரிக்காவில், வயிற்று அறுவை நோயாளிகளிடம் எளிய சோதனை ஒன்றைச் செய்தது. எங்கே வலிக்கும், எவ்வளவு நாள் வலிக்கும், உடலை எப்படித் தளர்த்துவது என்று ஒரு பகுதியினருக்கு மட்டும் முன்கூட்டியே விளக்கினர். அவர்களுக்கு மற்றவர்களைவிடப் பாதியளவு வலிமருந்தே தேவைப்பட்டது; சராசரியாக 2.7 நாள் முன்னதாக வீடு திரும்பினர். ஆனால் எல்லாச் சோதனைகளும் இப்படி இனிப்பதில்லை. வலியைப் பெரிதாக்கி நினைக்கும் முழங்கால் நோயாளிகள் 402 பேரிடம் அமெரிக்காவில் நடந்து 2019இல் வெளியான ஆய்வில், தனி மனப்பயிற்சி பெற்றவர்கள் வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிட மேம்படவில்லை. அறுவையால் வலி குறையக் குறைய, பலருக்குக் கவலையும் தானே குறைந்தது.

உங்கள் வீட்டுப் பாட்டிக்கு அறுவை நடக்கவிருந்தால், முண்டியம்பாக்கம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையானாலும் வேறெதுவானாலும், எந்த வலி இயல்பானது, எத்தனை வாரம் இருக்கும், எவ்வளவு மடக்கலாம் என்று மருத்துவரிடம் அவர் எதிரிலேயே கேளுங்கள். காய்ச்சல், காயத்தில் சீழ், கெண்டைக்காலில் திடீர் வீக்கம், மூச்சுத்திணறல் இவை தோன்றினால் மட்டும் பயத்தின் மேல் பழி போடாமல் அன்றே ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லுங்கள்.