நான்கு நம்பரும் கல்லூரிக் கணக்கும்

கல்லூரிக்குப் போகும் பிள்ளைகள் புள்ளியியலில் படிப்பது நிகழ்தகவு. பெயர் பெரிதே தவிர, அந்தக் கணக்கு நம் தோட்டத்து வீடுகளில் வாரந்தோறும் நடப்பதுதான்.

நான்கு நம்பர் குலுக்கலை எடுத்துக்கொள்வோம். 0000 முதல் 9999 வரை பத்தாயிரம் எண்கள், பரிசுகள் 23. ‘பிக்’ எனப்படும் வகையில் எல்லா எண்களுக்கும் ஒவ்வொரு வெள்ளி கட்டினால் செலவு 10,000. திரும்புவது எவ்வளவு? முதல் மூன்று பரிசுகள் 2,500, 1,000, 500. சிறப்புப் பரிசுகள் பத்து, 180 வீதம். ஆறுதல் பரிசுகள் பத்து, 60 வீதம். கூட்டினால் 6,400 வெள்ளி. ஆக, கட்டும் ஒவ்வொரு வெள்ளியிலும் சராசரியாக 36 காசு போய்விடுகிறது. கடைக்காரர் கடனுக்கு இந்த வட்டி கேட்டால் நாம் சும்மா விடுவோமா?

“இந்த எண் ஆறு மாதமாக வரவில்லை, இனி வந்தே தீரும்” என்பார்கள் சிலர். உருளும் பந்துக்கு ஞாபகம் ஏது? ஒவ்வொரு குலுக்கலிலும் முதல் பரிசுக்கு வாய்ப்பு பத்தாயிரத்தில் ஒன்றே. கனவில் கண்ட எண்ணுக்கும் அதே வாய்ப்புத்தான். வாரம் மூன்று முறை, 64 ஆண்டுகள் விடாமல் ஒரே எண்ணைக் கட்டினாலும், அதற்கு ஒருமுறைகூட முதல் பரிசு விழாமற்போக மூன்றில் ஒரு பங்குக்கும் மேலாகவே வாய்ப்பு உண்டு.