கடலுக்குச் சென்ற எஞ்சின்

செங்கல்பட்டு மாவட்டம் மோட்டார்த் தொழிலுக்கும் இடமளித்தது. மீன்பிடி தொழிலுக்கும் இடமளித்துள்ளது. மறைமலை நகரில் 1999 முதல் 2022 வரை ஃபோர்டு நிறுவனத்தார் கார்களைச் செய்து வந்தனர். அதே மாவட்டத்தின் கீழ்த்திசையில், கோவளம் தொடங்கி மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் வழியாகத் தெற்கே நீளும் கரையில், மீனவர் படகுகளை மணலில் ஏற்றி நிறுத்துகின்றனர். இவ்விரண்டு இடங்களுக்கும் இடையேயுள்ள தொலைவு சிறிது. ஆயினும் சாலைக்கென ஆக்கப்பட்ட ஓர் எஞ்சின் இத்தொலைவைக் கடந்து கடலில் இறங்க வேண்டுமாயின், அது பல மாறுதல்களை ஏற்க வேண்டும். அவற்றுள் தலையாயது, அது வெளிவிடும் புகையைக் குளிரச் செய்தலாகும்.

சாலை வண்டியின் எஞ்சினைப் படகிற்குப் பயன்படுத்துதல் புதுமையன்று. சென்னைக்கு வடக்கே எண்ணூரில், 1948-இல் அசோக் மோட்டார்ஸ் என்னும் பெயரில் தொடங்கப்பெற்று 1955-இல் அசோக் லேலண்டு எனப் பெயர் மாறிய நிறுவனத்தின் லாரி எஞ்சின்கள், கடலுக்கேற்ப மாற்றப்பெற்று இழுவலைப் படகுகளில் பொருத்தப்பட்டுள்ளன. உலகின் பிற துறைமுகங்களிலும் இவ்வழக்கம் உண்டு. கடலுக்கென்றே செய்யப்படும் எஞ்சினினும் லாரி எஞ்சினின் விலை குறைவு. அதன் உதிரிப் பாகங்களும் எளிதிற் கிடைக்கும்.

இனி வெப்பத்தின் கணக்கைக் காண்க. எஞ்சினில் எரியும் எண்ணெயின் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே சக்கரத்தையோ சுழல் விசிறியையோ சுழற்றும் வேலையாக மாறுகிறது. மற்றொரு பங்கு உருளைகளைச் சூழ்ந்த குளிர்நீரிற் கலக்கிறது. எஞ்சிய பங்கு புகையோடு வெளியேறுகிறது. முழு விசையுடன் ஓடும் டீசல் எஞ்சினின் புகை 400 முதல் 600 பாகை செல்சியஸ் வரை வெப்பமுடையது. பெட்ரோல் எஞ்சினின் புகை அதனினும் மிகுந்த வெப்பமுடையது.

சாலையில் இவ்வெப்பம் ஒரு தொல்லையாகத் தோன்றுவதில்லை. புகைக்குழாய் வண்டியின் அடியில், திறந்த வெளியில் செல்கிறது. வண்டி ஓட ஓடக் காற்று அதன்மீது வீசிக்கொண்டே இருக்கிறது. படகிலோ எஞ்சின் ஒரு பெட்டிக்குள் அடைபட்டிருக்கிறது. அதனைச் சூழ்ந்து மரப்பலகையும், எண்ணெய்த் தொட்டியும், வலையும், கயிறும் உள்ளன. இக்காலத்துப் படகுகள் பெரும்பாலும் கண்ணாடி இழையும் பிசினும் கொண்டு ஆக்கப்படுவன. அப்பிசின் நீரின் கொதிநிலையை அணுகும் வெப்பத்திலேயே இளகி வலுவிழக்கும் இயல்பினது. செந்நிறமாகப் பழுத்த குழாயொன்று அத்தகைய படகினுள் செல்லுமாயின் நேரக்கூடியது யாது என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. நிலத்தில் தீப்பற்றிய வண்டியிலிருந்து இறங்கி ஓடலாம். நடுக்கடலில் இறங்கி ஓட இடம் ஏது?

இதற்கு மிகப் பழைய வழி, புகைக்குழாயை வெப்பம் கடத்தாப் பொருளால் சுற்றி, நேரே மேலே உயர்த்திவிடுதல். முற்காலத்தில் கல்நார்க் கயிற்றைச் சுற்றினர். கல்நாரின் நுண்துகள் நுரையீரலைக் கெடுத்துப் புற்றுநோய்க்கும் காரணமாகும் என்பது தெளிந்தபின், கண்ணாடி இழைப் போர்வை அதன் இடத்தைப் பெற்றது. இம்முறையில் வெப்பம் அழிவதில்லை, மறைக்கப்படுகிறது. போர்வை கிழிந்த இடத்தில் கை பட்டாற் புண்ணாகும்; பலகை பட்டாற் கருகும்.

மற்றொரு வழி, கடலையே துணைக்கு அழைத்தல். உருளைகளிலிருந்து வரும் புகை முதலில் ஒன்றுசேரும் வார்ப்பிரும்புக் குழாய்க்கு இரட்டைச் சுவர் அமைத்து, இடையே நீரோடச் செய்வர். காரில் இருந்த ஒற்றைச் சுவர் வார்ப்பைக் கழற்றிவிட்டு இதனைப் பொருத்துவது, எஞ்சினை மாற்றுவோர் செய்யும் முதல் வேலைகளுள் ஒன்று. அதன்பின், எஞ்சினைக் குளிர்வித்து வந்த கடல்நீரைப் புகைக்குழாயின் உள்ளேயே தெளிப்பர். நீரும் புகையும் கலந்து படகின் பின்புறத்தே வெளியேறும்.

நெருப்பில் நீர் தெளிக்கும் இச்சிறு செயலின் வலிமை வியப்பிற்குரியது. ஒரு கிலோகிராம் நீரை 28 பாகையிலிருந்து 100 பாகைக்குச் சூடேற்ற ஏறத்தாழ 72 கிலோகலோரி வெப்பம் போதும். ஆயின் அதே நீரை ஆவியாக்க 540 கிலோகலோரி வேண்டும். ஆதலின் தெளித்த நீரில் ஒரு சிறு பகுதி ஆவியானாலும் புகையின் வெப்பம் பெரிதும் பறிக்கப்படுகிறது. ஐந்நூறு பாகையில் வந்த புகை, அறுபது பாகை அளவிற்குத் தாழ்ந்துவிடும். அதற்கப்பால் இரும்புக் குழாய் வேண்டுவதில்லை. வலுவூட்டிய ரப்பர்க் குழாயே போதும். புகை குளிரக் குளிரச் சுருங்கி ஏறத்தாழப் பாதியளவாகிறது; அதனால் அதன் ஓசையும் அடங்குகிறது. வெப்பத்தைத் தணிக்கும் நீரே வாயையும் பொத்திவிடுகிறது எனலாம்.

எனினும் நீரை எங்கே தெளிப்பது என்பதிலேதான் உயிர்நிலை இருக்கிறது. எஞ்சின் நின்றவுடன் புகையின் தள்ளுவிசை நின்றுவிடும். அப்பொழுது குழாயில் தங்கிய நீர் தாழ்வான பக்கம் நோக்கி ஓடும். அத்தாழ்வான பக்கம் எஞ்சினாக இருந்துவிட்டால், நீர் திறந்திருக்கும் வால்வு வழியே உருளைக்குள் புகும். டீசல் எஞ்சின் தன்னுள் வாங்கிய காற்றைப் பதினாறில் ஒரு பங்கிற்கும் குறுக அழுத்த வல்லது. காற்று அழுந்தும், நீர் அழுந்தாது. மறுநாட் காலையில் ஓட்டுநர் எஞ்சினை முடுக்கும்போது பிஸ்டன் நீரின்மேல் மோதி நிற்கும். இணைப்புத்தண்டு வளையும் அல்லது முறியும். ஒரு குடும்பத்தின் முதலீடு ஒரு செம்பு நீரால் அழிந்துபோகும்.

இதனைத் தடுக்கப் புகைக்குழாயை முதலில் கடல்மட்டத்திற்கு நன்கு மேலாக உயர்த்தி, பின்னர் வாத்தின் கழுத்தைப்போல் வளைத்துக் கீழிறக்குவர். நீரைத் தெளிக்கும் துளை, அவ்வளைவின் உச்சியைக் கடந்து, இறங்கும் பக்கத்தில் இருத்தல் வேண்டும். எஞ்சின் கடல்மட்டத்திற்குக் கீழே அமைந்த படகுகளில் வேறொரு தீங்கும் உண்டு. எஞ்சின் நின்ற பின்னும் நீர்க்குழாய் தானே கடல்நீரை உறிஞ்சி இறக்கிக்கொண்டிருக்கும். ஆதலின் அக்குழாயையும் உயரத் தூக்கி, அதன் உச்சியில் காற்றை உள்ளே விடும் சிறு வால்வு ஒன்றைப் பொருத்துவர். ஓர் அணா அளவே உள்ள அத்துளை உப்பினால் அடைபட்டுப் படகு முடங்கிய நேர்வுகள் உண்டு. கிளம்ப மறுக்கும் எஞ்சினை விடாது முடுக்கிக்கொண்டே இருப்பதும் பிழையே. இறைப்பி நீரைத் தள்ளும், ஆனால் அதனை வெளியேற்றப் புகையின் விசை இராது. அந்நேரத்தில் கடல்நீர் வரும் வழியை மூடிவைத்தலே முறை.

அடுத்தது உப்பு. ஒரு கிலோகிராம் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் உள்ளன. ஆறுகள் பல கலத்தலால் வங்கக் கடலில் இவ்வளவு சற்றுக் குறைவு. நீரின் வெப்பம் அறுபது பாகையைக் கடந்தால் சுண்ணாம்பு உப்புகள் பிரிந்து குழாயின் உட்சுவரில் படியத் தொடங்கும். காரின் எஞ்சினோ எண்பது, தொண்ணூறு பாகையில் ஓடுமாறு ஆக்கப்பட்டது. ஆகவே அதனுள் கடல்நீரை நேரே விடுதல் தகாது. நன்னீரை எஞ்சினுக்குள் சுழலவிட்டு, அந்நன்னீரை மட்டும் வேறொரு கலத்தில் கடல்நீரைக் கொண்டு குளிர்விப்பர். இரு நீரும் உலோகச் சுவரின் இருபுறமும் ஓடுமேயன்றிக் கலவா. மாமல்லபுரத்திற்குத் தெற்கே, 1984-இல் வணிக முறையில் மின்னாற்றல் வழங்கத் தொடங்கிய கல்பாக்கம் அணுமின் நிலையமும் இதே நெறியைப் பின்பற்றுகிறது. அங்கும் கடலடிச் சுரங்கத்தின் வழியாக வரும் கடல்நீர், நீராவியைக் குளிர்வித்துவிட்டு, அதனோடு கலவாமலே கடலுக்குத் திரும்புகிறது. அளவிற்தான் வேறுபாடு. சில படகுகளில் இக்கலமும் இல்லை. ஏரா எனப்படும் அடிமரத்தை ஒட்டிக் குழாய்களை வெளியே பதித்து நன்னீரை அவற்றின் வழியே செலுத்துவர். அங்ஙனமாயின் புகைக்குத் தெளிக்கக் கடல்நீர் கிடையாது. உலர்ந்த புகைக்குழாயை மேலே உயர்த்துவதே வழி.

இவையெல்லாம் துறைமுகத்தில் மிதந்து நிற்கும் படகுகளுக்குப் பொருந்துவன. மாமல்லபுரக் கரையின் நிலை வேறு. இங்கே அலை நேரே மணலில் வந்து உடைகிறது. கரை சேரும் படகு அவ்வலையினூடே மணலை உழுதுகொண்டு ஏற வேண்டும். அப்போது அடியில் நீர் உறிஞ்சும் துளை இருப்பின் அது நீரோடு மணலையும் உறிஞ்சும். இறைப்பியின் ரப்பர் இதழ்கள் தேயும். மணலில் ஏறிய பின்னர் நீரே கிடையாது. உலர்ந்து சுழலும் ரப்பர் இதழ்கள் விரைவிற் கருகிவிடும். கட்டுமரத்திற்கு இத்தொல்லைகள் இல்லை. எஞ்சினும் இல்லை, அடிப்பகுதியில் துளையும் இல்லை.

இச்சிக்கலை உணர்ந்தே, ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனம் 1979-இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கிய வங்காள விரிகுடாத் திட்டத்தார், கரையேறும் படகுகளுக்கெனத் தனி அமைப்பொன்றை 1980-களில் உருவாக்கினர். அதில் எஞ்சின் இருக்கும் பெட்டியே சாயும். அலையைக் கடக்கும்போது சுழல் விசிறியையும் அதன் தண்டையும் மேலே தூக்கிக்கொள்ளலாம். எஞ்சினும் நீரை நாடாத, காற்றால் குளிரும் சிறு டீசல் எஞ்சின். பிற்காலத்தில் இக்கரையில் பரவிய கண்ணாடி இழைப் படகுகளிலும், பின்புறத்தில் நீண்ட தண்டோடு பொருத்தப்பட்ட இத்தகைய எஞ்சின்களைக் காணலாம். அவற்றின் புகை நேரே காற்றிற் கலக்கிறது. அஃது எளிமையின் பயன். அதற்கு விலையாக, செவியைப் பிளக்கும் ஓசையை நாள்தோறும் மணிக்கணக்கில் மீனவர் தாங்குகின்றனர்.

மூடிய அறையுடைய பெரும் படகில் இன்னொரு கேடு மறைந்துள்ளது. புகையில் கலந்திருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. இணைப்பு தளர்ந்து புகை உள்ளே கசியுமானால், உறங்குவோர் விழித்தெழாமலே போகலாம். ரப்பர்க் குழாய் கிழிந்தாலோ, கடலுக்குப் போக வேண்டிய நீரை இறைப்பி படகினுள்ளேயே கொட்டும். ஆதலின் தேர்ந்த ஓட்டுநர் கருவிகளை மட்டும் நம்புவதில்லை. எஞ்சினை முடுக்கியவுடன் பின்புறம் சென்று, புகைவாயிலில் நீர் துள்ளித் துள்ளி விழுகின்றதா எனப் பார்ப்பர். ஓடும்போதும் அவ்வோசைக்குச் செவி கொடுப்பர். நீரின் சலசலப்பு நீங்கி ஓசை வறண்டு கரகரக்குமாயின், ரப்பர்க் குழாய் கருகுமுன் எஞ்சினை நிறுத்திவிடுவர்.