ஒரு வகுப்பின் வரவுப் பதிவேடு

சென்ற மாதம் நாகப்பட்டினம் ஜில்லாவில், வேதாரணியத்துக்கு அடுத்துள்ள ஓர் அரசினர் மேல்நிலைப் பள்ளியில் பழைய மாணாக்கர் கூட்டமொன்றுக்குத் தலைமை வகிக்கும்படி நம்மை அழைத்திருந்தனர். பழைய மாணாக்கர் என்றவுடன் நரைத்த தலைகளையும் பென்ஷன் பேச்சையும் எதிர்பார்த்துச் சென்றோம். அங்கே பெஞ்சுகளில் அமர்ந்திருந்தவர்களோ இருபது வயதை இப்போதுதான் கடந்த இளைஞர்களும் யுவதிகளும். 2022-ஆம் வருஷத்தில் பன்னிரண்டாம் வகுப்பை முடித்துப் பள்ளியை விட்டுச் சென்றவர்கள். இவ்வளவு சீக்கிரத்தில் பழமை பாராட்ட இவர்களுக்கு என்ன இருக்கிறது என்று மனத்துக்குள் சற்று நகைத்தோம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். இரண்டு மணி நேரம் அவர்கள் பேசக் கேட்ட பிறகு அந்த நகைப்பு நம்மிடம் இல்லை.

இவர்கள் முதல் வகுப்பில் சேர்ந்தது 2010 ஜூன் மாதம். அதற்கு இரண்டு மாதம் முன்புதான், ஏப்ரல் 1-ஆம் தேதி, ஆறு முதல் பதினான்கு வயது வரையுள்ள ஒவ்வொரு குழந்தைக்கும் இலவசக் கட்டாயக் கல்வி உரிமை என்ற சட்டம் இந்நாட்டில் அமுலுக்கு வந்தது. ஆகவே, கல்வியைத் தானமாக அன்றி உரிமையாகப் பெற்று முதல் வகுப்பில் காலடி வைத்த முதற் கூட்டம் இது. அதே வருஷத்தில்தான் முதல் வகுப்பிலும் ஆறாம் வகுப்பிலும் சமச்சீர்க் கல்விப் பாடநூல் நுழைந்தது. நல்ல சகுனங்கள் இரண்டு.

மறு வருஷமே வழக்கு வந்தது. 2011-இல் ஆட்சி மாறியது. சமச்சீர்க் கல்வியை நிறுத்தி வைக்கச் சட்டத் திருத்தம் கொணரப்பட்டது. ஜூலையில் சென்னை ஹைகோர்ட் அத்திருத்தத்தைச் செல்லாதென்றது. ஆகஸ்டு 9-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டும் அதையே உறுதி செய்தது. அதுவரை இரண்டாம் வகுப்புக்குப் புத்தகம் இல்லை. “டீச்சர் கதை சொன்னார்கள், ஐயா. தினமும் கதைதான். எங்கள் பள்ளி வாழ்க்கையிலேயே நல்ல மாதங்கள் அவை” என்று ஒரு யுவதி சொன்னபோது வகுப்பு முழுவதும் சிரித்தது. நாமும் சிரித்தோம். வக்கீல் தொழிலுக்குரிய ஆவலுடன் அந்த வழக்கின் வாதங்களை அன்று நாளேடுகளில் தொடர்ந்து படித்தவர்தாம் நாம். கதை கேட்டுக்கொண்டிருந்த ஆறேழு வயதுக் குழந்தைகளை அப்போது நினைத்தோம் என்று சொல்லத் துணிய மாட்டோம்.

2018-இல் இவர்கள் ஒன்பதாம் வகுப்புக்கு வந்தபோது பாடநூல்கள் மறுபடியும் மாறின. ஆனால் அந்த வருஷத்தைப் பற்றிக் கேட்டால் புத்தகத்தை ஒருவரும் சொல்லவில்லை. நவம்பர் 16-ஆம் தேதி விடியற்காலையில் கஜா புயல் வேதாரணியம் கரையில் ஏறியது. தென்னந்தோப்புகள் வேரோடு சாய்ந்தன. அப்பள்ளியின் வகுப்பறைகளே ஊராருக்குப் புகலிடமாயின. தம்முடைய பெஞ்சுகளை ஒன்றோடொன்று சேர்த்துப் போட்டுத் தம் பாட்டிமாரைப் படுக்க வைத்ததையும், நனைந்த நோட்டுகளைப் பள்ளி மைதானத்தில் உலர்த்தியதையும், இயற்பியல் உபாத்தியாயர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கஞ்சி ஊற்றியதையும் ஒருவர் விட்ட இடத்தில் மற்றொருவர் எடுத்துச் சொன்னார்கள். தோப்பு முழுவதையும் இழந்த ஒரு விவசாயியின் மகன் அதன் பிறகு மூன்று வாரம் பள்ளிக்கு வரவில்லையாம். வகுப்பில் எட்டுப் பேர் சைக்கிளில் போய் அவனை அழைத்து வந்தார்களாம். அந்த இளைஞன் அன்று மேடைக்கு எதிரிலேயே இருந்தான், இப்போது பி.காம். பட்டதாரி. “இவர்கள் வராவிட்டால் நான் அப்பாவோடு மரம் வெட்டப் போயிருப்பேன்” என்றான். ஒரு வகுப்பு என்பதற்கு இதைவிடச் சிறந்த பொருள் எந்த அகராதியிலும் இருப்பதாக நமக்குத் தெரியவில்லை.

பத்தாம் வகுப்புப் பொதுப் பரீட்சை 2020 மார்ச் 27-ஆம் தேதி தொடங்குவதாயிருந்தது. கொரோனாத் தொற்றினால் ஊரடங்கு வந்தது. பரீட்சை ஜூன் 1 என்றார்கள்; பிறகு ஜூன் 15 என்றார்கள்; ஜூன் 9-ஆம் தேதி பரீட்சையே இல்லை என்றார்கள். மாகாணம் முழுவதும் ஒன்பது லட்சத்துக்கு மேற்பட்டவர்கள், காலாண்டு, அரையாண்டுப் பரீட்சை மார்க்குகளையும் வருகைப் பதிவையும் கொண்டு, ஒருவர் மீதமின்றித் தேர்ச்சி பெற்றவர்களாயினர். பதினோராம் வகுப்பு அதனினும் விந்தையானது. 2021 பிப்ரவரி 8-ஆம் தேதி பள்ளி திறந்தது. மார்ச் 22 முதல் மூடப்பட்டது. ஆறு வாரப் பள்ளிக்கூடம். இடையிலேயே ‘ஆல் பாஸ்’ அறிவிப்பும் வந்துவிட்டது. இவர்கள் வாழ்நாளில் எழுதிய முதல் பொதுப் பரீட்சை 2022 மே மாதத்தில் நடந்த பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சைதான்.

இதனால் இவர்களுக்கு ஒரு பட்டப் பெயர் கிடைத்திருக்கிறது: ‘கொரோனா பாஸ்.’ வேலைக்கு நேர்முகம் காணச் சென்ற இடத்தில் ஒரு கம்பெனி அதிகாரி சான்றிதழைப் புரட்டிப் பார்த்து, “ஓ, நீங்கள் அந்த பேட்ச்சா?” என்று கேட்டதை ஒருவன் நடித்தே காட்டினான். பரீட்சை வேண்டாமென்று கையெழுத்திட்டவர்கள் இவர்களல்லர். உயிருக்கு அஞ்சிப் பெரியவர்கள் செய்த தீர்மானம் அது. சரியான தீர்மானமென்றே நாம் இன்றும் கருதுகிறோம். அதன் இழிவை மட்டும் பதினைந்து வயதுப் பிள்ளைகளின் தலையில் வைப்பது எந்த நியாயம்? 2022-இல் பரீட்சை என்று ஒன்றை வைத்தபோது, எழுதிய 8,06,277 பேரில் 7,55,998 பேர், அதாவது நூற்றுக்கு 93.76 பேர் தேறினார்கள். ஏளனம் செய்வோர் இந்தக் கணக்கையும் ஒருமுறை பார்க்கலாம்.

ஆனால் தேறியவர் கணக்கு நம்மை வாட்டவில்லை. கூட்டத்தின் நடுவில் ஓய்வு பெற்ற வகுப்பாசிரியர் எழுந்து, பத்தாம் வகுப்பு வரவுப் பதிவேட்டின் பெயர்களை நினைவிலிருந்தே வரிசையாகக் கூப்பிட்டார். நாற்பத்தொரு பெயர்கள். “உள்ளேன் ஐயா” என்று குரல் வராத இடங்களில் மற்றவர்கள் விடை சொன்னார்கள். சென்னையில் வேலை, லீவு கிடைக்கவில்லை. கோயம்புத்தூரில் நர்ஸ் படிப்பு. இப்படிச் சொல்லிக்கொண்டே வந்தவர்கள் சில பெயர்களில் தயங்கினார்கள். பன்னிரண்டாம் வகுப்பு வரை வராமலே போனவர்கள் பத்துப் பேர். மூவர் பாலிடெக்னிக், ஐ.டி.ஐ. என்று போனார்கள், அது குறையன்று. நால்வர் ஊரடங்குக் காலத்தில் வேலைக்குப் போய்த் திரும்பவில்லை: இருவர் திருப்பூர் பனியன் ஆலைகளுக்கு, இருவர் உள்ளூர் உப்பளத்துக்கு. இரண்டு பெண்களுக்குப் பதினாறு வயதில் கலியாணம் நடந்தது. ஒருவனைப் பற்றி எவருக்கும் எதுவும் தெரியவில்லை. அவன் வீட்டில் கைபேசியே இருந்ததில்லை.

1930-இல் உப்புச் சட்டத்தை மீற ராஜாஜி தம் தொண்டர்களுடன் திருச்சியிலிருந்து நடந்து வந்து சேர்ந்த மண் அது. அதே மண்ணில் பதினாறு வயதுப் பையன் புத்தகத்தை வைத்துவிட்டு உப்பு வாருகிறான் என்று கேட்டபோது, மேடையில் நமக்குப் போட்டிருந்த மாலை கனத்தது.

இவர்களைச் சட்டம் காக்கவில்லையா? காக்கவில்லை. கல்வி உரிமைச் சட்டம் பதினான்கு வயதோடு, எட்டாம் வகுப்போடு, முடிந்துவிடுகிறது. 2010-இல் இவர்கள் கையைப் பிடித்து உள்ளே அழைத்து வந்த சட்டம் 2018-இல் கையை விட்டுவிட்டது. இரண்டு வருஷம் கழித்துப் பள்ளிகள் மூடியபோது இவர்களைத் தேடிச் செல்லும் கடமை எவர்மீதும் எழுதப்பட்டிருக்கவில்லை. குழந்தைத் தொழிலாளர் சட்டமோ, 2016-ஆம் வருஷத் திருத்தத்தின்படி, பதினான்கு முதல் பதினெட்டு வயதுக்குட்பட்டோரை அபாயகரமான தொழில்களில் மாத்திரமே தடுக்கிறது. குழந்தை மணத் தடைச் சட்டம் அப்பெண்களின் பக்கம் இருந்தது உண்மை. ஆனால் ஒரு பெண் வகுப்புக்கு வராத நாளை முதலில் அறிகிறவர் உபாத்தியாயர். பள்ளி பூட்டிக் கிடக்கும்போது வராதவள் யார், வந்தவள் யார்? சைக்கிளில் போய் அழைத்துவர எட்டுத் தோழர்களும் இல்லை. அவர்களும் வீட்டில் அடைபட்டுக் கிடந்தனர்.

பதினெட்டு வயது வரை, பன்னிரண்டாம் வகுப்பு முடியும் வரை, கல்வியைச் சட்டமூலமான உரிமையாக்க வேண்டும் என்பது நம் கட்சி. 2020-இல் வெளியான தேசியக் கல்விக் கொள்கை மூன்று முதல் பதினெட்டு வயது வரை என்று பேசத்தான் செய்கிறது. கொள்கையைக் காட்டிக் கோர்ட்டில் கேட்க முடியாது. சட்டத்தைக் காட்டிக் கேட்கலாம். பணம் எங்கே என்பார்கள். 2009-இல் பார்லிமெண்டு கல்வி உரிமைச் சட்டத்தை நிறைவேற்றியபோதும் அப்படித்தான் கேட்டார்கள்.

கூட்டம் முடிந்து காப்பி அருந்திக்கொண்டிருக்கையில் நான்கு பேர் நம்மைத் தலைமையாசிரியர் அறைக்கு அழைத்துச் சென்றார்கள். மணமான பெண்களில் ஒருத்தி, இடுப்பில் குழந்தையுடன், அங்கே நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். கூட்டத்துக்குள் வரக் கூச்சம். தனித்தேர்வராகப் பரீட்சை எழுத அவளுக்கு விருப்பம், கணவன் சம்மதித்துவிட்டான், கட்டணத்தை வகுப்பார் சேர்த்து வைத்திருக்கின்றனர், பி.காம். பட்டதாரி கணக்குப்பதிவியல் சொல்லிக் கொடுப்பதாக ஏற்றிருக்கிறான். விண்ணப்பத்தை எப்படி எழுதுவது என்று மட்டும் வக்கீல் ஐயா பார்த்துச் சொல்ல வேண்டும் என்றார்கள். ‘படிப்பை நிறுத்தியதற்குக் காரணம்’ என்று அவர்கள் தயாரித்திருந்த தாளில் ஒரு பத்தி இருந்தது. என்ன எழுதலாம் என்று கேட்டாள். அதைக் கேட்க எவருக்கும் அதிகாரமில்லை, அம்மா, என்று சொல்லி அப்பத்தியை அடித்துவிட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தோம்.